சூப்பக்காவின் பத்து டிகிரி

அந்த ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். சூப்பக்கா என்று கேளுங்கள், வாசல் காவலாளிகூட வழி காட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக நாலு மாடி நோயாளிகளுக்கும் சூப்பு வைக்கிறவள் அவள்தான். விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து, தலையை அள்ளி முடிந்து, வீட்டில் யார் தூக்கமும் கெடாமல் பின்கதவைச் சாத்திவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கிற உடம்பு அது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எவனோ சொல்லிவைத்தான் பாருங்கள், அவனை இருதய வார்டில் ஒரு வாரம் படுக்கப் போட வேண்டும் என்பது அவள் கட்சி. அங்கே இருக்கிறவர்களுக்கு டாக்டர் உப்பைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று எழுதிவிடுவார். வெறும் காய்கறித் தண்ணீரை எந்த நோயாளி குடிப்பான்? சூப்பக்கா செலரித் தண்டைப் பொடியாக நறுக்கி, அண்டா கொதி அடங்குகிற நேரத்தில் போடுவாள். அந்தத் தண்டில் தானாகவே ஒரு உப்புக் கரிப்பு உண்டு. நாக்கு ஏமாந்துபோகும். கிண்ணங்கள் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வரும். அதனால் செலரி என்றால் அவளுக்கு ஒரு தனி மரியாதை. தன் கையால் அதை ஒரு முறையாவது விளைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. அவள் கேட்டது அவ்வளவுதான், ஐயா. நகையா கேட்டாள், மாளிகையா கேட்டாள்?

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. முன்கட்டில் கணவரின் அண்ணன் குடும்பம். பின்கட்டில் இவர்கள். அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். மில்லில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவனைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பிய கை. மில் சங்கு ஓய்ந்தாலும் அவருக்குள் ஊதிக்கொண்டேதான் இருந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவ ஒரு தேதி, போர்வை உதற ஒரு தேதி, செடி நட ஒரு தேதி. குளிர்காலம் முடிகிற மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மண்வெட்டியோடு கொல்லையில் நிற்க வேண்டும். அன்றைக்கு நட்டால்தான் நடவு. தக்காளியோ பீன்ஸோ முள்ளங்கியோ, எல்லாவற்றுக்கும் அதே பத்து மணி. நன்றாக விளைந்தால் பெரியவருடைய நாள் ராசி. விளையாவிட்டால் மண்ணுக்கு ராசி இல்லை.

சூப்பக்காவின் கணவர் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. பொல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணன் எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்பார். மனைவி எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பார். இரண்டு சரியும் மோதிக்கொள்கிற நாளில் குளியலறைக்குள் போய்விடுவார்.

பின்கட்டுக் கதவிலிருந்து மதில் வரைக்கும் ஒரு துண்டு நிலம். எட்டடி அகலம், இருபதடி நீளம். அது சின்னவனுக்கு என்று மாமனார் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனது. அந்தத் துண்டில் போன வருஷம் முதல் தடவையாகச் செலரி நட்டாள், பெரியவர் சொன்ன ஞாயிறு, பெரியவர் சொன்ன பத்து மணிக்கு. நாற்றெல்லாம் பிடித்துக்கொண்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கோடை வருவதற்குள் ஒவ்வொரு செடியும் நடுவிலிருந்து ஒரு காம்பை விறுவிறுவென்று மேலே அனுப்பியது. குடை குடையாகப் பூத்தது. தண்டைக் கடித்துப் பார்த்தால் நார், கசப்பு. உள்ளே சதையில்லாமல் வெறும் கோறை. பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டு அங்கேயே துப்பிவிட்டு, "இந்த இடத்துல சிமெண்ட்தான் விளையும்" என்றார். கூடி நின்ற குடும்பமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்ததை நினைத்து நினைத்து அப்புறம் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் காய்கறி இறக்க வருகிற லாரிக்காரர் சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவர். பெட்டியில் கையெழுத்துப் போடும்போது அவரிடம் இந்த வயிற்றெரிச்சலைச் சொன்னாள்.

"எப்ப நட்டீங்க?" என்று கேட்டார். சொன்னாள். அவர் தலையில் தட்டிக்கொண்டார்.

"அது ரெண்டு வருஷப் பயிருக்கா. மொத வருஷம் தண்டு, குளிர்காலம் தாண்டி ரெண்டாவது வருஷம் பூ. நீங்க பிஞ்சு நாத்தைக் கொண்டுபோய் குளிர்ல வச்சா, ஒரு வாரம் பத்து நாள்ல அது என்ன நெனைக்கும்? ஓகோ, குளிர்காலம் முடிஞ்சுபோச்சு, பூக்கவேண்டியதுதான்னு நெனைக்கும். விடியக்காலையில பத்து டிகிரிக்கு மேல நிலையா நிக்கணும். அதுவரைக்கும் உள்ளதான் வச்சிருக்கணும்."

"ரொம்ப நாள் வச்சிருந்தா?"

"வெயில் முத்திடும். தண்டு பிடிக்காது. அதுக்கு ஒரு சமயம் இருக்குக்கா. ஒரு பதினஞ்சு இருபது நாள், அவ்வளவுதான்."

விடியற்காலை. அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் பொறி தட்டியது. காலை பத்து மணிக்குக் கொல்லையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். பெரியவர் பனியனோடு நின்று, குளிர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வார். அவர் எழுவதே எட்டு மணிக்கு. விடியற்காலை எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் ஒருத்திதான். பின்கதவைத் திறந்ததும் மூக்கு நுனி மரத்துப்போகிற அந்த நேரத்தை இருபத்திரண்டு வருஷமாகக் கடந்து போகிறவள்.

சமையற்கட்டுக் குளிர் அறையில் இருந்த பழைய தெர்மாமீட்டரின் உறை விரிசல் விட்டதென்று கழித்துப் போட்டிருந்தார்கள். சொல்லிவிட்டு எடுத்து வந்து மதில் ஆணியில் மாட்டினாள். குளிர் அறையின் டிகிரியைத் தினமும் ஏட்டில் எழுதுவது அவளுக்குக் கைப்பழக்கம். வீட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டாள். செருப்பை மாட்டுவாள், டிகிரியைப் பார்ப்பாள், எழுதுவாள், பஸ்ஸுக்கு ஓடுவாள்.

இந்த வருஷம், நடுகிற காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் இருக்கும்போதே விதையை ஊறப்போட்டாள். செலரி விதை வெறும் தூசி. தும்மினால் பறந்துவிடும். மண்ணைப் போட்டு மூடவும் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். வார்டில் காலியான தயிர் டப்பாக்களில் மண் நிரப்பி, மேலாகத் தூவி, ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். பதினெட்டு நாள் ஒன்றுமே வரவில்லை. கணவர் எட்டிப் பார்த்து, "தயிரே ஊத்தி வச்சிருக்கலாம்" என்றார். பத்தொன்பதாம் நாள் பச்சையாக ஊசிமுனை மாதிரி எட்டிப் பார்த்தது. முதல் ஞாயிறு வந்தபோது இருபத்து நாலு நாற்று, ஒவ்வொன்றும் விரல் நீளம்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள். சூப்பக்கா கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"நாத்து எங்கம்மா?" என்றார் பெரியவர்.

"உள்ள இருக்கு பெரியத்தான். இன்னும் நேரம் ஆகல."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்து."

"மணி ஆயிடுச்சு. செலரிக்கு ஆகல. இன்னிக்கு விடியக்காலையில அஞ்சு டிகிரி."

அந்த வீட்டில் பெரியவருடைய தேதியை யாரும் மறுத்ததில்லை. போன மாதம்தான் அவருடைய மகன் கார் வாங்கி, நிறுத்த இடமில்லாமல் தெருவில் விட்டிருந்தான். பக்கத்துச் சந்து வழியாகக் காரைத் திருப்பி உள்ளே விடலாம் என்றால், அதற்குத் தோதாக இருந்தது இந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். பெரியவர் அவசரப்படாமல் தொண்டையைக் கனைத்தார்.

"நடவு நாள்ல நடலைன்னா இடம் சும்மா கிடக்குதுன்னு அர்த்தம். அடுத்த திங்கட்கிழமை கொத்தனாரை வரச்சொல்றேன். தளம் போட்டுடலாம். என்னடா தம்பி?"

"சரிண்ணே" என்றார் தம்பி. சொன்ன பிறகுதான் மனைவியைப் பார்த்தார். பார்த்ததும் குளியலறைப் பக்கம் நகர்ந்தார்.

ஓரகத்தி, அதாவது பெரியவரின் மனைவி, நல்ல மனசுக்காரி. மத்தியானம் பின்கட்டுக்கு வந்து காதோடு சொன்னாள். "ஏன் வீம்பு பண்றே? பேருக்கு நாலு பீன்ஸ் விதையைப் போட்டு வை. இடம் காலி இல்லைன்னு ஆயிடும். அப்புறம் உன் செலரியை நட்டுக்கோ."

யோசித்தால் அது நல்ல வழிதான். சூப்பக்காவும் ஒரு நிமிஷம் யோசித்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படிப் பேருக்குச் செய்த காரியங்களைத்தான் முதலில் யோசித்தாள். பேருக்குச் சிரித்தது, பேருக்குத் தலையாட்டியது, கசந்ததை நன்றாயிருக்கிறது என்று சொன்னது.

"முடியாதுக்கா. அது செலரிக்குன்னு வச்ச இடம். செலரிக்காகச் சும்மா கிடக்கு. ஏன் சும்மா கிடக்குன்னு கேட்டா பதில் சொல்றேன். பீன்ஸ் போட்டு மறைக்கமாட்டேன்."

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு சொல்லுவார் அவர்."

"சொல்லட்டும். நான் எண்ணிட்டேன், நாலு கால் இருக்கு."

அடுத்த வாரம் முழுக்க நோட்டில் ஆறு, ஏழு, ஐந்து, ஏழு என்றே விழுந்தது. பகலில் வெயில் கொளுத்தியது. முன்கட்டுக்காரர்கள் நட்ட தக்காளி விடியற்காலைக் குளிரில் ஊதா நிறமாகி கூனிக் குறுகி நின்றதை யாரும் பேசவில்லை. மணல் வந்து சந்தில் இறங்கியது. ஜல்லி வந்தது. எட்டு மூட்டை சிமெண்ட் அவள் துண்டு நிலத்தின் தலைமாட்டிலேயே அடுக்கப்பட்டது.

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்க" என்று சமாதானம் சொன்னார் கணவர்.

"பொறுத்துக்கிட்டு நான் வேலைக்குப் போனா, சாயங்காலம் வர்றதுக்குள்ள பூமி சிமெண்ட் ஆயிடும். நீங்க எனக்காகப் பேசவேண்டாம். அவர் கேக்கறப்ப தலையாட்டாம இருங்க, அது போதும்."

இருபத்திரண்டு வருஷத்தில் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர லீவு எடுக்காதவள். தலைமைச் சமையற்காரருக்குப் போன் போட்டு, சேர்ந்து கிடக்கிற லீவில் கொஞ்சம் வேண்டும் என்றாள். எத்தனை நாள் என்று கேட்டார். தெரியாது என்றாள்.

திங்கட்கிழமை கொத்தனார் கலவைத் தட்டோடு வந்தபோது நிலத்தின் நடுவில் ஒரு முக்காலி. முக்காலியில் சூப்பக்கா. மடியில் ஒரு முறம் வெங்காயம். அவள் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெறுந்தரையில உக்காந்துக்கிட்டு எதுக்கும்மா வழி மறிக்கிற?" என்றார் பெரியவர்.

"வழி மறிக்கல பெரியத்தான். என் இடத்துல உக்காந்திருக்கேன்." நோட்டை நீட்டினாள். "தேதி வாரியா எழுதியிருக்கேன். பாருங்க."

முப்பது வருஷம் பதிவேட்டோடு வாழ்ந்த மனுஷன், நோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. வாங்கிப் புரட்டினார். கோடு போட்டு, கட்டம் கட்டி, ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தது. அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம் வந்ததைக் கொத்தனார்கூடக் கவனித்தார். ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வருமா?

"எல்லாம் நீயா எழுதினது. சரி, ஒண்ணு பண்ணலாம். நாளைக்குக் காலையில பத்து டிகிரி இருந்தா நட்டுக்கோ. இல்லைன்னா தளம்."

நாளைக்குப் பத்து வராது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"பந்தயம் கட்ட நான் உக்காரல. நாளைக்குப் பத்து வரலைன்னா நடமாட்டேன். தளமும் போட விடமாட்டேன்."

"தம்பி, உன் பெண்டாட்டிகிட்ட சொல்லுடா."

தம்பி வாயைத் திறந்தார். மூடினார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சரிண்ணே சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். கொத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு, "நீங்க பேசி முடிச்சிட்டுச் சொல்லியனுப்புங்க, எனக்கு அடுத்த தெருவுல வேலை கிடக்கு" என்று நடையைக் கட்டினார்.

அன்றிலிருந்து காவல்தான். விடியலுக்கு முன்னால் முக்காலியைப் போடுவாள். பொழுது சாய்ந்ததும் எடுப்பாள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே துணி மடிப்பு. நாற்று டப்பாக்களைப் பகலில் பக்கத்தில் வைத்து வெயில் காட்டி, சாயங்காலம் உள்ளே தூக்கிக்கொண்டு போவாள். தெருவில் போகிறவர்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் புத்தி சரியில்லையா என்று கேட்டார். "விசாரிச்சதுக்கு நன்றி, நல்லா இருக்கு" என்றாள்.

நாலாம் நாள் தலைமைச் சமையற்காரர் போன் போட்டார். "சூப்பக்கா, இருதய வார்டுல கிண்ணமெல்லாம் அப்படியே திரும்பி வருது. ஒரு பெரியம்மா ரெண்டு நாளா வாயே வைக்கல. எப்ப வர்றீங்க?"

பெரியவரின் எந்தப் பேச்சும் செய்யாததை அந்தப் போன் செய்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் திரும்பி வரும்போது இங்கே மண் இருக்காது. "தண்டை மொதல்லயே போட்டு வேகவிடாதீங்க. இறக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னால போடுங்க. இலையையும் தூக்கிப் போடாதீங்க, நசுக்கிப் போடுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். போனை வைத்த பிறகு வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள், சனிக்கிழமை. வெளிச்சம் இன்னும் வரவில்லை. முக்காலியைப் போட்டுவிட்டு மதிலருகே போனவள் திடுக்கிட்டாள். பெரியவர் நின்றுகொண்டிருந்தார். போர்வையைக் காது வரைக்கும் சுற்றி, டார்ச் விளக்கைத் தெர்மாமீட்டர் மேல் அடித்துக்கொண்டிருந்தார். பொய்க்கணக்கைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார், வேறென்ன? அலாரம் வைத்து எழுந்திருப்பார் போல, முகத்தில் தலையணைக் கோடு அழியவில்லை.

தெர்மாமீட்டரில் ஏழு. இரண்டு பேரும் பார்த்தார்கள். அவள் நோட்டை எடுத்து ஏழு என்று எழுதினாள்.

பெரியவருக்குப் பல் கிடுகிடுத்தது. இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டார். சிமெண்ட் மூட்டைகளின் மேல் பனி முத்து முத்தாக நின்றது. அவள் வெறும் சேலையும் ஒரு பழைய ஸ்வெட்டருமாக நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"இந்த நேரத்துல இவ்வளவு குளிராவா இருக்கும்?" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா இருக்கு பெரியத்தான்."

தெருமுனையில் முதல் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவர் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து ஒரு சிமெண்ட் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பனியில கட்டி தட்டிடும். உள்ள எடுத்து வைக்கச் சொல்றேன்." இரண்டு அடி நடந்து நின்றார். அந்தப் பழைய கனைப்பு வந்தது. "சரி, போ. நீ எப்ப நடணுமோ அப்ப நட்டுக்கோ. நான் அனுமதி தர்றேன்."

வேறொருத்தியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். போன வருஷத்துச் சூப்பக்காவாக இருந்திருந்தால் அவளேகூடக் கும்பிட்டிருப்பாள்.

"அனுமதிக்காக நான் இங்க உக்காரல பெரியத்தான்" என்றாள் நிதானமாக. "குளிர் விடறதுக்காக உக்காந்திருக்கேன்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். குளிரோ கோபமோ, போர்வையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விடிந்ததும் மூட்டைகள் முன்கட்டுக்குப் போயின. மணலும் ஜல்லியும் மட்டும் சந்திலேயே கிடந்தன. அதைப் பார்த்து அவளும் முக்காலிக் காவலை விடாமல் இருந்தாள். வாய்வார்த்தையால் வந்த இடம் வாய்வார்த்தையால் போகவும் செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா?

எட்டாம் நாள் விடியலில் பத்து. ஒன்பதாம் நாள் பதினொன்று. பத்தாம் நாளும் பதினொன்று. அன்றைக்குப் பொழுது சாய்ந்து மண் சூடு தணிந்ததும் நடவு போட்டாள். கையாலேயே அளந்து, செடிக்குச் செடி ஒரு சாண் விட்டு, வேர் மண் உதிராமல் தயிர் டப்பாவைக் கிழித்து இறக்கினாள். குருத்துக்குள் மண் விழாமல் விரலால் சுற்றி அழுத்தினாள். செலரி தண்ணீர்ப் பிசாசு என்று லாரிக்காரர் சொல்லியிருந்ததால் குடம் குடமாக ஊற்றினாள். ஓரகத்தி வாளி தூக்கிக் கொடுத்தாள். கணவர், யாரும் சொல்லாமலே, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோராம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் இருபத்து நாலும் நிமிர்ந்து நின்றன. முற்பகலில், பெரியவர் சொல்லியனுப்பியபடி, கொத்தனார் வண்டி கொண்டுவந்து மணலையும் ஜல்லியையும் அள்ளிப்போனார். அதற்கப்புறம்தான் முக்காலியை ஒரேயடியாக உள்ளே எடுத்து வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அண்டா ஏறி, அடுப்பு பற்றி, முதல் கொதி வருகிற வரைக்கும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காய் நறுக்குகிற பெண்தான் தாங்க முடியாமல் கேட்டாள்.

"பதினோரு நாள் லீவு போட்டீங்களே சூப்பக்கா. எங்க போனீங்க?"

"எங்கயும் போகல" என்றாள் சூப்பக்கா, கரண்டியால் நுரையை எடுத்துக்கொண்டே. "அதுக்குத்தான் லீவு போட்டேன்."